'மல்லிகை எண்ணெய்': ஒப்பனைப் பொருள் பெயர்களில் தொகைமயக்கமும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும் (திண்டுக்கல் வட்டார வழக்கை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தோல், கூந்தல் பேணும் பொருள்களின் தமிழ்ப்பெயர்கள் பெரும்பாலும் தொகைச்சொற்களாக அமைகின்றன. அத்தொகைகள் பலவாறு விரியும் இயல்பின. பழகிய பொருளுக்கு வழங்கும்போது கேட்போரின் பட்டறிவே சரியான விரியைத் தருகிறது. புதிய பொருளுக்கு அவ்வாறு நிகழ்வதில்லை. திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் முதலிய சமவெளிப் பகுதிகளிலும் வழங்கும் எண்ணெய், தைலம், பன்னீர், துவர் ஆகிய சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது. 'அத்தியாவசிய எண்ணெய்' என்னும் மொழிபெயர்ப்பு பொருந்தாமையையும், செய்முறையின் அடிப்படையில் பெயரிடும் சித்த மருத்துவ மரபு அவ்விடத்தை நிரப்ப வல்லது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொகைமயக்கம், எண்ணெய், தைலம், தீநீர், துவர், கலைச்சொல்லாக்கம், ஒப்பனைப் பொருள்கள்.

1. முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய தமிழ் ஆய்வுகள் இயற்பியல், வேதியியல், மருத்துவம், கணினி ஆகிய துறைகளின் சொற்களையே மிகுதியும் கருத்தில் கொண்டுள்ளன. 1916ஆம் ஆண்டில் இராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியல் சொற்களுக்கென ஓர் இதழைத் தொடங்கிய காலந்தொட்டு இப்போக்கைக் காணலாம். பாடநூலுக்கு வெளியே, கடைத்தெருவில் நாள்தோறும் புழங்கும் பொருள்களின் பெயர்கள் இம்முயற்சிகளுக்குள் போதிய அளவு வரவில்லை. ஒப்பனைப் பொருள்கள் அத்தகையவை. அவற்றைத் தமிழர் ஒவ்வொருவரும் உடலில் பூசுகின்றனர். ஆயின் அவற்றின் மீது ஒட்டப்பட்ட பெயர்களின் பொருளை அறிந்து வாங்குவோர் சிலரே.

திண்டுக்கல் வட்டாரம் இவ்வாய்வுக்குத் தக்க களமாகும். நிலக்கோட்டை பூச்சந்தையால் பெயர் பெற்றது. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விளைபுலத்தில் திண்டுக்கல் மாவட்டப் பகுதிகளும் அடங்கும். ஒட்டன்சத்திரம் முருங்கைக்கும் காய்கறிச் சந்தைக்கும் பெயர் பெற்றது. கொடைக்கானல் மலைக்குச் செல்லும் வழியில் வத்தலக்குண்டு அமைந்துள்ளது. அம்மலையில் விற்கும் யூகலிப்டஸ் தைலம் இவ்வழியே சமவெளி வீடுகளை அடைகிறது. காந்திகிராமத்தில் இலட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைச் செய்து வருகிறது. திண்டுக்கல் நகரம் தோல் பதனிடும் தொழிலுக்கும் உரியது. பூ, வித்து, இலை, பட்டை ஆகியவற்றிலிருந்து மணமும் எண்ணெயும் துவரும் எடுக்கும் தொழில்கள் இவ்வாறு ஒரே மாவட்டத்தில் அருகருகே நிற்பதால், அவற்றின் சொற்களையும் ஒருசேர நோக்க இயலுகிறது.

சொற்பிறப்பு, தொகையிலக்கணம், பொருளின் செய்முறை ஆகிய மூன்றையும் ஒப்பிடும் விளக்கமுறையை இக்கட்டுரை பின்பற்றுகிறது.

2. எள்ளில் பிறந்த இரு பொதுச்சொற்கள்

'எண்ணெய்' என்பது எள் + நெய் எனப் பிரியும். எள்ளின் நெய்யைக் குறித்த சிறப்புப்பெயர் காலப்போக்கில் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. அதன் பின்னர் எள்ளின் நெய்யைத் தனித்துச் சுட்ட 'நல்லெண்ணெய்' என்ற புதுச்சொல் தேவைப்பட்டது. 'தைலம்' என்பதும் இவ்வாறே பொருள் விரிந்த சொல். வடமொழியில் 'திலம்' என்பது எள். அதன் வழிவந்த 'தைலம்' முதலில் எள்ளெண்ணெயையே குறித்துப் பின் பொதுப்பெயராயிற்று. ஆங்கிலத்தின் 'ஆயில்' கிரேக்கத்தில் ஒலிவ மரத்தைக் குறித்த சொல்லின் வழியில் இலத்தீன் ஊடாக வந்தது. ஒவ்வொரு நிலமும் தனக்கு வாய்த்த எண்ணெய் வித்தின் பெயரையே எல்லா எண்ணெய்க்கும் பெயராக்கியுள்ளது.

இம்மூன்று சொற்களும் பிறந்தபோது குறித்தவை பிழிந்தெடுக்கும் கொழுப்பெண்ணெய்களே. அவை காற்றில் ஆவியாவதில்லை. தாளில் ஒரு துளியிட்டால் நிலையான கறையை விடும். பூ, இலை, வேர், பழத்தோல் ஆகியவற்றின் மணப்பொருளாகிய நீர்மம் வேறு இயல்பினது. அதன் துளி தாளில் பரவிச் சிறிது நேரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். வேதியியல் நோக்கில் முன்னது கொழுப்பு அமிலங்களின் சேர்மம். பின்னது டெர்பீன்கள் முதலிய ஆவியாகும் சேர்மங்களின் கலவை. இரண்டும் நீரில் கரையாது மிதப்பன ஆதலின் 'எண்ணெய்' என்ற ஒரே பெயரைப் பெற்றன. தோற்ற ஒப்புமையால் நேர்ந்த இப்பெயர்ப்பொதுமையே பின்வரும் மயக்கங்கள் அனைத்துக்கும் தோற்றுவாய்.

3. ஒரு தொகை, மூன்று விரி

எண்ணெய்ப் பெயர்களில் முன்மொழிக்கும் 'எண்ணெய்' என்னும் நிலைக்களச் சொல்லுக்கும் இடையே உள்ள உறவு மறைந்து நிற்கிறது. தேங்காய் எண்ணெய் தேங்காயிலிருந்து எடுத்தது. 'தலை எண்ணெய்' தலைக்குத் தேய்ப்பது. 'நீலகிரித் தைலம்' நீலகிரியில் வடித்தது. இவை முறையே ஐந்தாம், நான்காம், ஏழாம் வேற்றுமையின் உருபும் பயனும் உடன்தொக்க தொகைகள். உருபோடு வினையும் மறைவதால், மறைந்த வினை யாது என்பதைக் கேட்போரே வருவித்துக்கொள்ள வேண்டும். தலையிலிருந்து எண்ணெய் எடுப்பதில்லை என்பது யாவரும் அறிந்தது ஆதலின் அங்கு மயக்கமில்லை. ஒரு தொகை பல பொருளில் மயங்கக் கூடும் என்பதையும், அம்மயக்கம் ஏழு பொருள் வரை செல்லக் கூடும் என்பதையும் நன்னூலார் கண்டு கூறியுள்ளார்.

இவ்விலக்கண நோக்கில் 'மல்லிகை எண்ணெய்' என்ற பெயரை ஆராய்வோம். கடையில் இப்பெயரால் விற்கப்படும் பொருள் மூன்று வகையில் ஒன்றாக இருக்கலாம்.

முதலாவது, மல்லிகையிலிருந்து எடுத்த மணப்பொருள். இது ஐந்தாம் வேற்றுமை விரி. இரண்டாவது, மல்லிகையால் மணமூட்டப்பட்ட தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ. இது மூன்றாம் வேற்றுமை விரி. எள்ளையும் மல்லிகைப் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, எள் மணத்தை ஏற்றபின் ஆட்டி எடுக்கும் பழைய முறை வட இந்தியாவில் பெயர் பெற்றது. மூன்றாவது, மல்லிகை போலும் மணமுடைய எண்ணெய். இஃது உவமைத்தொகையின் தன்மையது. இதில் மல்லிகை ஒரு பூவேனும் இருக்க வேண்டுவதில்லை. கனிம எண்ணெயோடு செயற்கை மணப்பொருள் கலந்தால் போதும். மல்லிகை மணத்தின் முதன்மைக் கூறுகளுள் ஒன்றாகிய பென்சைல் அசிட்டேட் ஆலைகளில் மலிவாகச் செய்யப்படுகிறது.

முதல் விரிக்குரிய பொருள் எத்துணை அரியது என்பதை அதன் செய்முறை காட்டும். மல்லிகை இனப் பூக்களின் மணம் நீராவியின் வெப்பத்தில் திரிந்துவிடும்; கிடைக்கும் அளவும் மிகச் சிறிது. ஆதலின் அவற்றை வாலையில் இட்டு வடிப்பது வணிக வழக்கன்று. பூவை ஹெக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து மணத்தையும் மெழுகையும் ஒருங்கே கரைத்தெடுப்பர். கரைப்பானை ஆவியாக்கி மீட்டபின் எஞ்சும் மெழுகு போன்ற திரளை வணிகர் 'கன்கிரீட்' என்பர். அதனை எத்தில் ஆல்கஹாலில் கரைத்து, குளிர்வித்து, உறையும் மெழுகை வடிகட்டி நீக்கி, ஆல்கஹாலையும் அகற்றினால் கிடைக்கும் நீர்மமே 'அப்சொல்யூட்'. பிச்சிப் பூ 1000 கிலோவிலிருந்து ஏறத்தாழ 3 கிலோ கன்கிரீட்டும், அதிலிருந்து அதன் பாதியளவு அப்சொல்யூட்டும் கிடைக்கும்.

இப்பகுதியில் பூக்களின் பெயர்களும் இத்தொழிலோடு தொடர்புடையன. குண்டுமல்லி மொட்டாகப் பறிக்கப்பட்டுச் சரமாகும், மாலையில் மலரும். இங்குப் பிச்சி எனப்படுவதைக் கொங்குப் பகுதியில் சாதிமல்லி என்பர். அது கரைப்பான் முறைக்குப் பெரிதும் பயன்படும் இனம். முல்லை மூன்றாவது. தாவரவியலில் இம்மூன்றும் வெவ்வேறு இனங்கள், மணக்கூறுகளும் வேறு. நிலக்கோட்டை உழவரும் பூ வணிகரும் இவற்றை ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை. விலையே வேறாதலின் பெயரும் வேறாக நிற்க வேண்டியுள்ளது. அவர்கள் பேணும் இவ்வேறுபாடு குப்பியின் மேல் 'மல்லிகை' என்ற ஒற்றைச் சொல்லில் மறைந்துவிடுகிறது.

இங்குக் காணத்தக்க மொழியியல் உண்மை ஒன்றுண்டு. பழகிய தொகையில் மறைந்த வினையைப் பட்டறிவு நிரப்புகிறது. புதிய பண்டத்தில் அப்பட்டறிவு இல்லாமையால், வாங்குவோர் 'தேங்காய் எண்ணெய்' என்னும் பழைய தடத்திலேயே சென்று 'மல்லிகையிலிருந்து எடுத்தது' என ஐந்தாம் வேற்றுமையாக விரித்துக்கொள்கின்றனர். விற்போர் பொய் சொல்லவில்லை. தொகையை விரிக்காமல் விட்டனர், அவ்வளவே. அதனால் மிகவும் இழப்பவர் இருவர்: மூன்றாம் வகைப் பொருளை முதல் வகையென எண்ணி வாங்கும் நுகர்வோர் ஒருவர், தம் பூவின் பெயர் பூவில்லாப் பொருளுக்குப் பயன்படக் காணும் உழவர் மற்றொருவர்.

4. 'அத்தியாவசிய எண்ணெய்' என்னும் பெயர்ப்பு

ஆவியாகும் மண எண்ணெய்களை ஆங்கிலத்தில் 'எசென்சியல் ஆயில்' என்பர். இதனைத் தமிழில் 'அத்தியாவசிய எண்ணெய்' எனப் பெயர்க்கும் வழக்கம் பரவியுள்ளது. ஆங்கிலச் சொல்லின் அடி 'எசன்ஸ்', அதாவது சாரம். பொருளின் உள்ளார்ந்த சாரத்தை வடித்தெடுக்கலாம் என்று கருதிய ஐரோப்பிய இரசவாத மரபில் தோன்றிய பெயர் அது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் இக்கருத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். 'இன்றியமையாத' என்னும் பொருள் அதே அடியிலிருந்து கிளைத்த மற்றொரு பொருள். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் கிளையைப் பற்றிக்கொண்டு முதற்கிளையை விட்டனர். இதில் வியப்புக்குரியது, தமிழ்நாட்டுக் குளிர்பானக் கடைகளில் 'ரோஸ் எசன்ஸ்' என்ற சொல் மணச்சாரம் என்னும் சரியான பொருளில் நெடுங்காலமாகப் புழங்கி வருவதாகும்.

இப்பெயர்ப்பின் கேடு இரு வகையினது. ஒன்று, தமிழில் 'அத்தியாவசியம்' அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் ஆகியவற்றோடு இணைந்த சொல். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் அச்சொல்லை மக்கள் வாழ்வில் ஊன்றியது. ஆதலின் 'அத்தியாவசிய எண்ணெய்' எனக் கேட்பவர் அஃது உடலுக்குத் தேவையானது, கூடுதலாகக் கொண்டாலும் நன்மையே என்று கருத இடமுண்டு. உண்மையில் அது செறிவு மிக்க வேதிக்கலவை. கலக்காமல் தோலில் இட்டால் எரிச்சலையும் ஒவ்வாமையையும் விளைவிக்கக் கூடும். வேறோர் எண்ணெயில் சிறு விழுக்காடே கலந்து பூசத்தக்கது.

மற்றொன்று, அறிவியல் பாடநூல்களில் 'அத்தியாவசியக் கொழுப்பு அமிலம்' என்ற சொல் சரியாகவே வழங்குகிறது. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாமையால் உணவில் இன்றியமையாதது என்பது அதன் பொருள். இவ்வமிலங்கள் எள், சூரியகாந்தி முதலிய கொழுப்பெண்ணெய்களில் உள்ளன. மண எண்ணெய்களிலோ கொழுப்பே கிடையாது. ஆக, இன்றியமையாத அமிலம் உள்ள எண்ணெய்க்கு அப்பெயர் இல்லை; அது சிறிதும் இல்லாத எண்ணெய்க்கு அப்பெயர் அமைந்துள்ளது. கலைச்சொல் ஒன்று அறிவுக்குத் துணையாகாமல் தடையாக நிற்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

5. தைலம்: ஒரு சொல், இரு பொருள்

'தைலம்' என்னும் சொல்லில் உள்ள மயக்கம் உயிர்க்கேடு விளைக்கத் தக்கது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் தைலம் என்பது மூலிகைகளை நல்லெண்ணெய் முதலியவற்றில் இட்டுக் காய்ச்சி, மெழுகுபதம், மணற்பதம் முதலிய பதமறிந்து இறக்கி வடிப்பது. அதில் பெரும்பகுதி கொழுப்பெண்ணெயே. அரக்குத் தைலம், சுக்குத் தைலம் ஆகியவை இவ்வகையின. வீட்டு முதியோர் இவற்றைத் தலையில் வைத்துத் தேய்ப்பர்.

கொடைக்கானலிலும் உதகையிலும் விற்கும் யூகலிப்டஸ் தைலம் வாலையில் இட்டு நீராவியால் வடித்த ஆவியாகும் எண்ணெய். சினியோல் என்னும் சேர்மம் அதன் முதன்மைக் கூறு. அதில் கொழுப்பெண்ணெய் ஒரு துளியும் இல்லை. சிறு குழந்தை இதனைச் சிறிதளவு விழுங்கினாலும் மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை நேரக் கூடும். கற்பூரமும் அத்தகையதே. ஆயின் இரண்டு குப்பிகளும் 'தைலம்' என்ற ஒரே பெயரால் ஒரே மாடத்தில் வைக்கப்படுகின்றன. முன்னதைக் குழந்தைக்குப் பூசிப் பழகிய கை, பின்னதையும் அதே அளவில் எடுக்கத் தயங்காது. இங்குச் சொல்லே எச்சரிக்கையாக அமைந்திருக்க வேண்டும். அச்சொல் எச்சரிக்கையை அகற்றும் சொல்லாக அமைந்துவிட்டது.

'பனைவெல்லம்', 'கரும்புவெல்லம்' என அடையால் பிரிப்பது போல இங்கும் பிரிக்கலாமே எனின், அடைகள் இங்கே மூலத்தையும் ஊரையுமே சுட்டுகின்றன. எவ்வாறு செய்யப்பட்டது என்பதைச் சுட்டும் அடை பொதுவழக்கில் இல்லை. தேவைப்படுவது அதுவே.

6. செய்முறையால் பெயரிடும் மரபு: தீநீரும் நெய்யும்

அத்தகைய அடைகள் தமிழ் மருத்துவ மரபில் முன்னரே உள்ளன. சித்த மருத்துவ நூல்கள் எண்ணெய்களைச் செய்முறை நோக்கிப் பன்னிரண்டாக வகுப்பன. கொதிநெய், புடநெய், சூரியபுடநெய், பொறிநெய், தீநீர்நெய், ஆவிநெய் ஆகியவை அப்பன்னிரண்டனுள் அடங்கும். கொதிக்கவைத்து எடுப்பது கொதிநெய். வெயிலில் வைத்துப் பக்குவப்படுத்துவது சூரியபுடநெய். பொறியில் இட்டுப் பிழிவது பொறிநெய். இப்பெயர்கள் மூலப்பொருளைக் கூறாமல் வினையைக் கூறுகின்றன. மூன்றாம் பகுதியில் கண்ட தொகைமயக்கம் வினை மறைவதால் நேர்ந்தது. வினையையே பெயராக்கினால் அம்மயக்கத்துக்கு இடமில்லை.

அவற்றுள் 'தீநீர்நெய்' சிறப்பாக நோக்கத்தக்கது. 'தீநீர்' என்பது வாலையில் இட்டு வடித்தெடுக்கும் நீர். சித்த மருத்துவத்தின் 32 வகை அகமருந்துகளுள் தீநீரும் ஒன்று. குழந்தைகளின் வயிற்று நோவுக்குத் தரும் ஓமத்தீநீர் இன்றும் 'ஓமவாட்டர்' என்ற பெயரில் வீடுகளில் உள்ளது. வாலையில் நீராவியோடு சேர்ந்து வரும் எண்ணெய், குளிர்ந்தபின் தீநீரிலிருந்து பிரிந்து நிற்கும். தீநீரோடு வரும் நெய் தீநீர்நெய். 'எசென்சியல் ஆயில்' எனப்படுவனவற்றுள் வாலையில் வடித்தவற்றுக்கு இச்சொல் முற்றிலும் பொருந்துகிறது. பிரித்தபின் எஞ்சும் மணமுள்ள நீரை இன்று 'ஹைட்ரோசால்' என்கின்றனர். அது தீநீரே அன்றி வேறில்லை.

தீநீர்களுள் ரோசாவின் தீநீர் மட்டும் தனிப்பெயர் பெற்றுள்ளது. 'பன்னீர்' என்பது பனிநீர் என்பதன் திரிபு. மலையாளத்தில் 'பனிநீர்' என்றே வழங்குகிறது. ஆவி குளிர்ந்து துளியாக இறங்கும் செய்முறைக்கும் இப்பெயர் இயைகிறது. மணவிழாவில் வந்தோர் மீது பன்னீர் தெளிக்கும் வழக்கமுள்ள சமூகத்தில், பூவின் தீநீர் என்றால் என்ன என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும் செயற்கை மணம் கலந்த நீரும் இன்று பன்னீர் எனவே விற்கப்படுவதால், வடித்ததற்கு 'ரோசாத் தீநீர்' எனச் சுட்டுவது தெளிவு தரும்.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பின் ஐஎஸ்ஓ 9235 என்னும் தரவரையறை, வாலையில் வடித்தவற்றோடு எலுமிச்சை இனப் பழத்தோலைப் பிழிந்தெடுத்தவற்றையும் 'எசென்சியல் ஆயில்' என்றே கொள்கிறது. தீநீர்நெய் என்ற சொல் பிழிந்ததை உள்ளடக்காது. இதனைக் குறை எனலாம். ஆயின் இவ்விரண்டையும் பிரித்தறிவது பயனுடையது. பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோலெண்ணெயில் ஃபியூரோகூமரின் என்னும் சேர்மங்கள் உள்ளன. அதனைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கன்றிப் புண்ணாகலாம். ஆவியாகாத இயல்பினால் அச்சேர்மங்கள் வடித்த எண்ணெயில் வருவதில்லை. பழம் ஒன்றாயினும் முறை வேறானால் தோலுக்கு நேரும் விளைவும் வேறு. திண்டுக்கல் சமவெளியின் வெயிலில் இவ்வேறுபாடு சிறியதன்று. ஆதலின் பிழிந்ததைப் 'பிழிநெய்' எனவும், வடித்ததைத் 'தீநீர்நெய்' எனவும் கூறி, இரண்டுக்கும் பொதுவாக வேதியியல் நூல்களில் ஏற்கெனவே வழங்கும் 'ஆவியாகும் எண்ணெய்' என்பதைக் கொள்ளலாம். 'ஆவிநெய்' எனச் சுருக்குவது பொருந்தாது. சித்த மருத்துவம் அதனைத் தீநீர்நெய்யினின்று வேறான வகையாக வைத்துள்ளது.

7. செயலால் பெயரிடும் மரபு: துவரும் விரையும்

தமிழ் ஒப்பனை மரபு செய்முறையோடு செயலையும் பெயரீட்டு அடிப்படையாகக் கொண்டது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீருக்கு உரியனவாகப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் கூறப்படுகின்றன. அடியார்க்குநல்லார் உரை அவற்றைப் பெயர் சுட்டி விரிக்கிறது. கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவை ஐவிரை. பூவந்தி, கருங்காலி, நாவல் முதலியன துவர். இப்பகுப்பு தாவரத்தை நோக்கியது அன்று. அது தோலில் ஆற்றும் செயலை நோக்கியது. துவர் தோலைச் சுருக்கி இறுக்கும். விரை மணம் தரும்.

இன்றைய அழகுப்பொருள் கடைகளில் 'அஸ்ட்ரிஞ்சென்ட்' என்றும் 'டோனர்' என்றும் வழங்குவனவற்றுள் முன்னதன் நேர்ப்பொருள் துவர்ப்பியே. திண்டுக்கல்லில் இச்சொல் வெறும் ஏட்டுச்சொல் அன்று. ஆவாரம்பட்டையின் துவரைக் கொண்டு தோல் பதனிடுவது தென்னிந்தியத் தொழில்மரபு. அதே செடியின் பூ நலங்குமாவிலும் குளியல் பொடியிலும் சேர்கிறது. பதனிடும் தொட்டியில் விலங்குத் தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை இறுக்கும் டானின் என்னும் கூறே, மென்மையான அளவில் மனிதத் தோலின் மேற்பரப்பையும் சுருக்குகிறது. 'துவர்' என்ற ஒரு சொல் சுவையையும் தொழிலையும் ஒப்பனையையும் இணைத்து நிற்பதால், 'துவர்நீர்' என்றால் அதன் செயலை எவரும் உய்த்துணர்வர்.

கழுவும் பொருள்களிலும் இதனைக் காணலாம். உசிலை மரத்தின் இலைப்பொடி இவ்வட்டாரத்தில் 'அரப்பு' எனப்படும். சீயக்காயைப் போலவே அதிலும் சப்போனின் என்னும் நுரைக்கும் கூறு உள்ளது. 'ஷாம்பு' என்ற சொல்லோ அமுக்குதல், பிடித்துவிடுதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலம் சென்று திரும்பி வந்தது. இந்நாட்டுச் சொல் ஒன்று அயல்நாட்டுப் பண்டத்தின் பெயராகி மீண்டமைக்கு அது சான்று.

மாய்சரைசர் என ஒரே பெயரில் விற்கப்படும் பொருள்களின் உட்கூறுகளையும் செயலால் மூவகைப்படுத்தலாம். கிளிசரின் முதலியன நீரை ஈர்த்துத் தோலில் நிறுத்தும். இவற்றை 'ஈரமீர்ப்பி' எனலாம். பெட்ரோலியம் ஜெல்லி, தேன்மெழுகு முதலியன தோலின் மேல் படலமாகி நீர் ஆவியாவதைத் தடுக்கும், இவை 'ஈரங்காப்பி'. எண்ணெய்கள் தோற்செதில்களின் இடைவெளியை நிரப்பி வழுவழுப்பாக்கும், இவை 'மென்மையாக்கி'.

8. பெயரொட்டியும் சட்டமும்

ஒப்பனைப் பொருள்களை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் சட்டம் நெறிப்படுத்துகிறது. ஒப்பனைப் பொருள்களுக்கென 2020ஆம் ஆண்டில் தனி விதிகள் வெளியிடப்பட்டன. ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட உட்கூறுகளை அளவின் இறங்குவரிசையில் பட்டியலிட வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. எனவே 'மல்லிகை எண்ணெய்' என்ற பெயர் எவ்வாறு மயங்கினும், பின்புறப் பட்டியலில் முதலில் நிற்கும் பெயர் உண்மையை உரைத்துவிடும். ஆயின் அப்பட்டியல் எம்மொழியில் உள்ளது என்பதே வினா. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பண்டங்கள் விதிகளின்படி, விலை, எடை முதலிய அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். தமிழ் தடுக்கப்படவில்லை, கட்டாயமும் இல்லை.

உட்கூற்றுப் பட்டியலில் வழங்கும் பன்னாட்டுப் பெயர்முறை 1973ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிற்சங்கம் ஒன்று வெளியிட்ட அகராதியிலிருந்து வளர்ந்தது. அது தாவரங்களுக்கு இலத்தீன் பெயர்களைக் கொள்கிறது. அப்பட்டியலில் நீர் 'அக்வா', மணக்கலவை 'பர்ஃபம்'. பின்னதன் ஒற்றைச் சொல்லுக்குள் பல பத்துச் சேர்மங்கள் அடங்கக் கூடும். இதனை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டில், ஒவ்வாமை விளைக்க வல்ல 26 மணப்பொருள்கள் குறிப்பிட்ட அளவைக் கடந்தால் தனித்தனியே பெயர் சுட்டப்பட வேண்டும் என விதித்தது. தோலில் தங்கும் பொருளுக்கு 0.001 விழுக்காடும் கழுவிவிடும் பொருளுக்கு 0.01 விழுக்காடும் அவ்வெல்லை. தொகையை விரிக்க வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்ட நிகழ்வாக இதனைக் கொள்ளலாம்.

அவ்விலத்தீன் பட்டியலினுள் தமிழ்ச் சொற்களும் மறைந்து நிற்கின்றன. 'மொரிங்கா ஒலிஃபெரா' என்பதில் 'மொரிங்கா' முருங்கையின் திரிபு. 'ஒலிஃபெரா' என்பதற்கு எண்ணெய் தாங்குவது என்று பொருள். முருங்கை வித்தின் எண்ணெய் எளிதில் சிக்குப் பிடிக்காது. மணத்தை ஏற்று நெடுநாள் வைத்திருக்கும். ஆதலின் பழங்காலந்தொட்டு மணப்பொருள் செய்வோர் அதனை விரும்பினர். இன்று தீநீர்நெய்யைக் கலந்து பூச உதவும் இத்தகைய கொழுப்பெண்ணெய்களைக் 'கேரியர் ஆயில்' என்பர். 'வெட்டிவர்' என்பதும் நம் வெட்டிவேரே. முருங்கை விளைவிக்கும் ஒட்டன்சத்திரத்து உழவர் தம் பயிரின் பெயரைத் தம் மகள் வாங்கிய சீரக் குப்பியில் அடையாளங்காண இயலாமை, தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் முன்னுள்ள பணியைச் சுட்டுகிறது.

9. பரிந்துரைக்கப்படும் சொற்கள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் பின்வரும் சொற்கள் முன்வைக்கப்படுகின்றன.

எசென்சியல் ஆயில்: ஆவியாகும் எண்ணெய் (பொதுப்பெயர்).
நீராவியால் வடித்தது: தீநீர்நெய்.
பழத்தோலைப் பிழிந்தது: பிழிநெய்.
ஹைட்ரோசால்: தீநீர்.
கன்கிரீட்: பூமெழுகு.
அப்சொல்யூட்: பூச்சாரம்.
கேரியர் ஆயில்: ஏந்தெண்ணெய்.
மூலிகையை இட்டுக் காய்ச்சியது: தைலம்.
செயற்கை மணம் கலந்தது: மணமூட்டிய எண்ணெய்.
அஸ்ட்ரிஞ்சென்ட்: துவர்ப்பி, நீர்மமாயின் துவர்நீர்.

'தைலம்' என்பதைக் காய்ச்சிய எண்ணெய்க்கே உரியதாக வரையறுப்பது நடைமுறையில் கடினமே. யூகலிப்டஸ் தைலம் என்ற வழக்கு ஆழ வேரூன்றியது. எனினும் பெயரொட்டியில் அதனருகே 'தீநீர்நெய். உட்கொள்ளலாகாது' எனச் சேர்ப்பது மக்கள் வழக்கையும் மாற்றாது, இடரையும் தவிர்க்கும்.

10. முடிவுரை

எண்ணெய், தைலம் ஆகிய இரு பொதுச்சொற்களும் எள்ளெண்ணெயைக் குறித்துப் பிறந்தவை. ஆவியாகும் மணப்பொருளுக்கும் விரிந்தபோது இரு வேறு இயல்புடைய பொருள்கள் ஒரே பெயரின்கீழ் வந்தன. 'மல்லிகை எண்ணெய்' போன்ற பெயர்களின் மயக்கம் உருபும் பயனும் உடன்தொக்க தொகையின் இயல்பால் நேர்வது. நன்னூல் வகுத்த தொகையிலக்கணம் இன்றைய நுகர்வோர் சிக்கலையும் விளக்க வல்லது. 'அத்தியாவசிய எண்ணெய்' என்பது அடிச்சொல்லின் பொருத்தமற்ற கிளையைப் பெயர்த்தது, கைவிடத்தக்கது. செய்முறையையும் செயலையும் கொண்டு பெயரிடும் தீநீர், துவர் முதலிய மரபுச்சொற்கள் புத்தாக்கச் சொற்களினும் தெளிவுடையன. கொடைக்கானலிலிருந்து வாங்கிவந்த குப்பியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்பதை அதன் பெயரே கூறுமாறு செய்வது இத்துறைக் கலைச்சொல்லாக்கத்தின் முதற்கடமையாகும். பற்பசை, குழந்தைப் பொடி, தலைச்சாயம் முதலிய பிற பண்டங்களின் பெயர்களுக்கும் இம்முறையைப் பொருத்தி ஆராய்வதற்கு இடமுண்டு.